நத்தைமூலம்

ரிஷிமூலம், நதிமூலம் ஆராயக் கூடாது என்பது பழைய வழக்கு. மரியாதை கருதிச் சொன்ன வார்த்தை போலத்தான் தோன்றும். ஆனால் அதன் அடியில் கிடப்பது பயம். ஆராய்ந்தால் அகப்படுவது கௌரவமாக இராது. நதி ஒரு சேற்றுக் குட்டையில் புறப்பட்டிருக்கும். ரிஷி பிறந்த வீடு நாம் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடாக இருக்கும். ஆகவே கேட்காதே. கேட்கக் கூடாது என்கிறவனும், கேட்டே தீருவேன் என்கிறவனும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். மூலம் தெரிந்துவிட்டால் ஆளின் மதிப்பும் தெரிந்துவிடும் என்று இருவருமே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைத்தான் இங்கே பரிசீலிக்க விரும்புகிறேன். அதற்கு உதவியாக நான் எடுத்துக்கொள்வது ரிஷியையோ நதியையோ அல்ல, கடல் நத்தையை.

நம்பிக்கை எவ்வளவு வியாபகமானது என்பதை எழுதுகிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதுக்கவிதையின் மூலம் பாரதியின் வசன கவிதையா, பிச்சமூர்த்தியா, விட்மனா என்று நாம் செலவழித்த பக்கங்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரு நல்ல கவிதைத் தொகுதியின் கனம் வரும். மூலத்தை நிறுவிவிட்டால் கவிதையையே படித்துவிட்டதாக ஒரு திருப்தி. ஓர் எழுத்தாளன் இருபது வயதில் எழுதிய கதையை எடுத்துவைத்துக்கொண்டு, நாற்பது வயதில் அவன் செய்ததற்கு வித்து இதோ இங்கே கிடக்கிறது என்று காட்டுவதற்கு விமர்சனம் என்று பெயர். இருபது வயதுக்காரன் நாற்பது வயதுக்காரனுக்காக எழுதவில்லை. அவனுக்கு அன்று ஒரு நெருக்கடி இருந்தது, அதற்காக எழுதினான். இலக்கியத்தை விட்டு வெளியே வந்தால் விஷயம் இன்னும் மோசம். புதிதாக வந்தவனிடம் சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று நாம் கேட்பது ஊர்கள் மேல் உள்ள ஆசையால் அல்ல. நம் சமூகத்தில் மூலம் கேட்பது என்றால் ஜாதி கேட்பது என்று அர்த்தம்.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதைப் பற்றி யோசிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இந்த ஊரின் கதையே மூலத்தைத் தேடிப் போன கதை. அக்கினித் தூணின் அடியைத் தேடி விஷ்ணு பன்றியாகப் பூமியைக் குடைந்து போனார். முடியைத் தேடிப் பிரம்மா அன்னமாகப் பறந்தார். இருவரும் காணவில்லை. காணவில்லை என்று ஒருவர் ஒப்புக்கொண்டார். மற்றவர் தாழம்பூவைப் பொய்ச் சாட்சிக்கு அழைத்து வந்தார். அடியும் முடியும் இரு எதிர்த் திசைகளில் இருக்க வேண்டும் என்பது அந்தத் தேடலுக்கு அடிப்படை. நத்தை ஓட்டில் அப்படி இல்லை. சுருளின் உச்சியில் இருக்கும் கூர்நுனிதான் அந்தப் பிராணி உலகத்தில் முதல்முதலாகச் செய்துகொண்ட வீடு. அங்கே முடிதான் அடி.

இதைக் கொஞ்சம் ஸ்தூலமாகச் சொல்ல வேண்டும். நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறது. பட்டுப்பூச்சியின் கூட்டுக்குள் புழுவின் உடல் பெரும்பாலும் கரைந்துபோய் வேறு உடல் உருவாகிறது. நம் எலும்புகள்கூட ஓயாமல் அரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகின்றன. நான் ஐந்து வயதில் வைத்திருந்த எலும்பு என்று எதையும் இன்று காட்ட முடியாது. நத்தை அப்படிச் செய்வதில்லை. ஓட்டின் வாய் விளிம்பில் மட்டுமே சுண்ணாம்பைச் சுரந்து சேர்த்துக்கொண்டு போகிறது. கட்டி முடித்த பகுதி பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே முழு வளர்ச்சி பெற்ற ஒரு நத்தையின் நுனியில், பல சமயம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவில், அதன் லார்வாப் பருவத்து ஓடு உட்கார்ந்திருக்கிறது. முட்டைக்குள்ளேயே செய்துகொண்ட முதல் வளைவு ஒன்று. அதை ஒட்டி, நீரில் மிதந்து திரிந்த காலத்தில் கட்டிய வளைவுகள். பிறகு ஒரு கோடு. அந்தக் கோட்டில் பிராணி மிதப்பதை நிறுத்திவிட்டுத் தரையில் இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு ஓட்டின் வரிகளும் தடிப்பும் வேறாகிவிடும், சில இனங்களில் சுருளின் திசைகூட.

அந்த நுனியைப் படிக்கலாம். டென்மார்க் தேசத்துக் குன்னர் தோர்சன் 1950ல் இதற்கு ஒரு விதி சொன்னார். முதல் வளைவு மிகச் சிறிதாக இருந்து, கோட்டை எட்டுமுன் பல சுற்றுகள் இருந்தால், அந்த லார்வா கொஞ்சம் ஊட்டத்தோடு முட்டையை விட்டு வெளியே வந்து, கடலின் மேல்மட்டத்தில் நுண்ணிய பாசிகளைத் தின்று, நீரோட்டத்தோடு நாள்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அலைந்திருக்கிறது. முதல் வளைவு பருத்துக் குமிழாக இருந்து, சுற்றுகள் ஒன்றோ ஒன்றரையோ என்றிருந்தால், தாய் கொடுத்த மஞ்சள்கருவை உண்டே வளர்ந்து, அலையாமல் பிறந்த இடத்துக்கு அருகிலேயே ஊர ஆரம்பித்திருக்கிறது. விதிக்கு விலக்குகள் உண்டு. ஆனால் பல கோடி ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு பிராணியின் குழந்தைப் பருவம் எப்படி இருந்தது என்று கேட்டால் பதில் கிடைக்கிறது என்பது சாமானிய விஷயம் அல்ல. நம் தாத்தாவின் குழந்தைப் பருவத்தைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரியாது.

திருவண்ணாமலையின் பாறையில் இதைத் தேடிப் பயனில்லை. இந்த வட்டாரத்துப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. சுமார் 250 கோடி ஆண்டுகள் பழையவை. உயிரின் சுவடு எதுவும் அவற்றில் இல்லை. தீயின் மலை என்று புராணம் சொல்வதோடு கல் முரண்படவில்லை. ஆனால் இங்கிருந்து அநேகமாக நேர் தெற்கே, காக்கை பறக்கும் தூரத்தில் 120 கிலோமீட்டர் போனால் அரியலூர். அதற்கும் மேற்கே காரை, ஊட்டத்தூர், கருடமங்கலம் எல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்த இடங்கள். 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரழிவையும் தாண்டி அங்கே படிவங்கள் சேர்ந்திருக்கின்றன. கருடமங்கலத்துச் சிப்பிப் பாறையைத் திருச்சி மார்பிள் என்று அலங்காரக் கல்லாக அறுத்திருக்கிறார்கள். கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தென்னாற்காடு, திருச்சிப் பக்கங்களில் சேகரித்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846ல் விவரித்தார். பிளான்ஃபோர்ட் 1862ல் அந்தப் படிவங்களை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். அந்த நத்தை ஓடுகளைக் கல்கத்தாவில் உட்கார்ந்து பெயரிட்டுப் படம் போட்டு 1867-68ல் ஒரு பெரிய தொகுதியாக வெளியிட்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொரேவியாவில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். யார்க்கண்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் 1874ல் முப்பத்தாறு வயதில் இறந்து, லே நகரத்தில் புதைக்கப்பட்டார். நம் மண்ணின் பழைய கடலைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் இன்றும் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

புதைபடிவ ஓடுகளில் முதலில் தேய்வதும் உடைவதும் நுனிதான். ஆகவே பழைய காலத்து லார்வா ஓடுகளைப் பற்றிய அறிவு, சேதமில்லாமல் பாதுகாத்துக் கொடுத்த சில அபூர்வ இடங்களிலிருந்தே வந்தது. வடக்கு இத்தாலியின் சான் காசியானோ மலைப்பகுதி ஒன்று. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் இயற்கையான தார் ஊறிய ஒரு குவாரி மற்றொன்று. அங்கே 30 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஓடுகளைத் தார் மூடி, சுண்ணாம்பின் மூல அமைப்புக்கூட மாறாமல் வைத்திருக்கிறது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் பரவலான பிறகு இந்தச் சிறு நுனிகள் ஒரு தனிச் சரித்திரமாக விரிந்தன. அந்தச் சரித்திரத்தைச் சொல்லுமுன் ஒரு பழைய சித்தாந்தத்தைத் தாண்டியாக வேண்டும்.

1866ல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானியர் ஒரு விதியை முன்வைத்தார். ஒவ்வொரு பிராணியும் தன் வளர்ச்சியில், தன் வம்சம் கடந்து வந்த கட்டங்களைச் சுருக்கமாகத் திரும்ப நடித்துக்காட்டுகிறது என்பது அதன் சாரம். குஞ்சு என்றால் மூதாதையின் நிழல். கவர்ச்சியான கருத்து, ஒரு நூற்றாண்டின் சிந்தனையையே அது ஆட்டிவைத்தது. விளைவுகள் விஞ்ஞானத்தோடு நிற்கவில்லை. குழந்தை மூதாதையைப் போன்றது என்றால், நாகரிகத்தில் பின்தங்கியவன் என்று நாம் முத்திரை குத்துகிறவன் குழந்தையைப் போன்றவன். அவனை அடக்கி வளர்ப்பது மேலானவனின் கடமை. காலனி ஆதிக்கம் இந்தத் தர்க்கத்தை வசதியாக உபயோகித்துக்கொண்டதை ஸ்டீபன் ஜே கூல்ட் 1977ல் ஒரு பெரிய புத்தகத்தில் விவரித்தார். ஆனால் காலனிக்காரன் போன பிறகும் தர்க்கம் போகவில்லை. ஆதிவாசியைப் பற்றி, கிராமத்தானைப் பற்றி, நாட்டுப்பாடலைப் பற்றி நாம் பரிவோடு எழுதும் வாக்கியங்களில் ஹெக்கல் உட்கார்ந்திருக்கிறார். 'வெள்ளை மனசு' என்கிறோம். நம்முடைய கடந்துபோன ஒரு கட்டமாக இன்னொரு மனிதனைப் பார்க்கிறோம் என்பது நமக்குத் தெரிவதில்லை.

ஹெக்கலை எதிர்த்தவர்களில் வால்டர் கார்ஸ்டாங் என்ற ஆங்கிலேயர் நம் போன்றவர்களுக்கு ரொம்ப நெருக்கமானவர். கடல் பிராணிகளின் லார்வாக்களைப் பற்றித் தம் கருத்துக்களைச் செய்யுளாக எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அவர் 1949ல் இறந்தார்; செய்யுள்கள் 1951ல் புத்தகமாக வந்தன. அவருடைய வாதம் எளிமையானது. லார்வா எந்த மூதாதையின் நினைவும் அல்ல. எந்த எதிர்காலத்தின் ஒத்திகையும் அல்ல. அது இன்று பிழைத்திருக்க வேண்டிய ஒரு பிராணி. அதற்குப் பசி இருக்கிறது, எதிரிகள் இருக்கிறார்கள். இரண்டு சிறகு இதழ்களில் நுண்மயிர்களை அடித்துக்கொண்டு மிதக்கும் நத்தை லார்வாவுக்கு, என்றோ ஒரு நாள் தரையில் ஊரப்போகும் கிழ நத்தையைப் பற்றிக் கவலையில்லை. 1928ல் கிளாஸ்கோவில் நிகழ்த்திய பிரசங்கத்தில் அவர் இதை ஒரு விசித்திரமான உதாரணத்தோடு சொன்னார். எல்லா நத்தைகளும் லார்வாப் பருவத்தில் தம் உள்ளுறுப்புக்களை 180 பாகை முறுக்கிக்கொள்கின்றன. விளைவு, குடலின் கடைவாய் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. வளர்ந்த நத்தைக்கு இது ஒரு சௌகரியமும் அல்ல, அவஸ்தை. கார்ஸ்டாங் சொன்னார்: முறுக்கு லார்வாவுக்காக ஏற்பட்டது, ஆபத்து வந்தால் தலையை முதலில் உள்ளே இழுத்துக்கொள்ள அதற்கு வழி கிடைத்தது, பெரியது அதன் பலனைச் சுமக்கிறது. 1985ல் பென்னிங்டனும் சியாவும் லார்வாக்களை எதிரிகளுக்கு முன்னால் விட்டுப் பரிசோதித்தார்கள். முறுக்கிக்கொண்டவை அதனால் கூடுதலாகத் தப்பவில்லை. ஆக, முறுக்கின் காரணம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் கேள்வியின் திசையை கார்ஸ்டாங் மாற்றிவிட்டார். இளையது எதற்காக என்று கேட்டால் முதியதைக் காட்டும் பழக்கம் அதோடு ஆட்டம் கண்டுவிட்டது.

இனி அந்தச் சரித்திரம். இன்றைய கடல் நத்தைகளின் லார்வா ஓடு அநேகமாக எப்போதும் இறுக்கமான சுருள். சுற்றும் சுற்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். 48 கோடி, 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல்களில் அப்படி இல்லை. அங்கே பல நத்தைகளின் லார்வா ஓடு, நடுவில் இடைவெளி விட்டு வளைந்த கொக்கி போலத் திறந்து கிடந்தது. வளர்ந்த ஓடு இறுக்கமாகச் சுருண்டிருக்கும்; ஆனால் நுனி மட்டும் திறந்திருக்கும். அலெக்சாண்டர் ந்யூட்சல், யிர்ஜி ஃப்ரிடா என்ற இருவர் 2003ல் கிடைத்த சான்றுகளை வரிசைப்படுத்திக் காட்டினார்கள். காலம் செல்லச் செல்லத் திறந்த சுருள் குறைந்துகொண்டே வந்து, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த யுகம் முடிவதற்குள் அநேகமாக மறைந்துவிட்டது. மிதக்கும் உலகத்தில் தின்பவர்கள் பெருகியதால், உறுதியான இறுக்கச் சுருள் பிழைத்தது என்பது அவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மாறியது தொடக்கம். நாம் தொடக்கத்தை ஒரு மாறாத புள்ளியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து வளர்ந்து மாறியவற்றுக்கு மட்டும் சரித்திரம் எழுதுகிறோம். நத்தையில் தொடக்கத்துக்கும் ஒரு பரிணாமம் இருக்கிறது. முதியதின் பரிணாமத்துக்குக் கட்டுப்படாமல், தனக்குச் சொந்தமான ஆபத்துக்களுக்கு முகம்கொடுத்து நடந்த பரிணாமம். மூலம் என்பதும் ஏதோ ஒன்றின் நடுவில்தான் இருக்கிறது.

அலைந்த லார்வாவுக்கும் அலையாத லார்வாவுக்கும் பலன் என்ன என்று பார்த்தவர்களும் உண்டு. தோர் ஹான்சன் 1978லும், டேவிட் ஜப்லான்ஸ்கி எண்பதுகளிலும், அமெரிக்கக் கடற்கரைப் படிவங்களின் நத்தை இனங்களை நுனி பார்த்துப் பிரித்தார்கள். அலையும் லார்வா உள்ள இனங்கள் பரந்த பரப்பில் வாழ்ந்தன. சுமார் இரு மடங்கு காலம் நீடித்தன. தங்கிவிட்ட லார்வாக்களின் இனங்கள் சிறு பரப்பில் வாழ்ந்து சீக்கிரம் அழிந்தன. ஆனால் புதிய இனங்கள் அவற்றிலிருந்துதான் அதிகம் கிளைத்தன. இதுவரை கேட்டால் அலைதல் ஒரு நற்குணம் போலத் தோன்றும். ஜப்லான்ஸ்கி 1986ல் அடுத்த கணக்கைப் போட்டார். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில், நம் அரியலூர்க் கடலும் கண்ட அதே அழிவில், எந்த வகை லார்வா என்பது பிழைப்புக்கு உதவவில்லை. சாதாரண காலத்தில் காப்பாற்றியது அசாதாரண காலத்தில் காப்பாற்றவில்லை. தொடக்கம் சரியாக அமைந்தால் முடிவும் சரியாக அமையும் என்ற உபதேசத்துக்குக் கல்லில் ஆதாரம் இல்லை.

லட்சக்கணக்கான லார்வாக்களில் தரையைத் தொடுபவை மிகச் சில. மற்றவை மிதந்த நிலையிலேயே சாகின்றன. அவற்றின் ஓடுகளும் சேற்றில் விழுகின்றன. பழைய படிவங்களில் பெரிய ஓட்டின் நுனியாக அல்லாமல், தனியாகக் கிடக்கும் லார்வா ஓடுகளும் கிடைக்கின்றன. கோடு போடப்படாத ஓடுகள். இதைப் படித்தபோதுதான் பல வருஷங்களாக என்னை உறுத்திய ஒரு வாக்கியத்துக்கு எதிர்ப்பு சொல்ல எனக்கு வார்த்தை கிடைத்தது. என் அக்காள் மகள் ஒன்பது வயதில் காய்ச்சலில் இறந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், நல்ல மனசோடுதான், ஒன்றையே சொன்னார்கள்: பாவம், வாழவே ஆரம்பிக்கவில்லை. அவள் ஒன்பது வருஷம் வாழ்ந்திருந்தாள். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துத் தாயம் ஆடுவாள். அந்த ஆட்டத்துக்குத் தானே இரண்டு விதிகள் சேர்த்திருந்தாள். அந்த விதிகளின்படி ஆடினால் தோற்கிறவன் சீக்கிரம் தோற்க மாட்டான். பக்கத்து வீட்டுக் கிழவியோடு ஒரு பகையும், பகையைத் தீர்க்க ஒரு திட்டமும் அவளுக்கு இருந்தன. இவையெல்லாம் எதற்கும் முன்னுரை அல்ல. முப்பது வயதில் அவள் யாராகியிருப்பாள் என்ற கற்பனையை வைத்து ஒன்பது வருஷத்தை அளப்பது, இறந்தவளுக்குச் செய்யும் மரியாதை அல்ல. அரைகுறையாக நின்றது நம் எதிர்பார்ப்பு. அவள் ஓடு முழுசாகத்தான் இருந்தது.

உயிரோடிருக்கும் குழந்தைகளுக்கும் நாம் இதையேதான் செய்கிறோம். பள்ளிக்கூடத்தில் போடும் பதினைந்து வருஷங்களுக்கு வேலை என்ற ஒன்று அர்த்தம் தரும் என்று சொல்கிறோம். வேலைக்கு ஓய்வுகாலம் அர்த்தம் தரும். ஓய்வுகாலத்துக்கு மோட்சம். ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்திடம் கையேந்தி நிற்கிறது. கடைசிக் கட்டம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கிறது.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: ஒவ்வொரு பருவமும் தனக்காகவே என்றால், ஒன்றுக்கொன்று கடமை எதுவுமே இல்லையா? நேற்று செய்ததற்கு இன்று பதில் சொல்ல வேண்டாமா? நியாயமான கேள்வி. என் பதில், கடமை இருக்கிறது, ஆனால் ஒரே திசையில் இருக்கிறது என்பது. லார்வா முதியதற்காக எதையும் செய்யவில்லை, செய்யவும் வேண்டியதில்லை. முதியதோ லார்வா முறுக்கிய முறுக்கிலேயே காலம் தள்ளுகிறது; அதன் ஓட்டை நுனியில் தாங்கிக்கொண்டுதான் ஊர்கிறது. பின்னால் வருவது முன்னால் இருந்ததற்குக் கடன்பட்டது. முன்னால் இருந்தது எதற்கும் கடன்பட்டதல்ல. ஆகவே நான் இருபது வயதில் எழுதியதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்; என் இன்றைய எழுத்துக்கு அந்த இருபது வயதுக்காரனைப் பதில் சொல்லச் சொல்ல எனக்கும் உரிமையில்லை, விமர்சகனுக்கும் உரிமையில்லை. வளர்ந்தவன் குழந்தைக்குப் பொறுப்பு. குழந்தை வளர்ந்தவனுக்கு உத்தரவாதம் கொடுத்ததில்லை.

நம் கோயில்களில் ஊதும் சங்கு இந்த விஷயத்தில் ஒரு தனிக் கேஸ். ஜேம்ஸ் ஹார்னல் 1914ல் சென்னை மீன்துறைக்காக அதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சங்கு முட்டையிடும் கூடு ஆட்டுக் கொம்பு போல் முறுக்கிய, அறை அறையாகத் தடுத்த ஒரு குழல். குஞ்சுகள் அதற்குள்ளேயே வளர்ந்து, மிதக்காமலேயே, ஊர்ந்து வெளியே வருகின்றன. அதனால்தான் சங்கின் நுனி பருத்த குமிழாக இருக்கிறது. அதனால்தான் அது இந்தியா, இலங்கைக் கரைகளை விட்டு வெகுதூரம் போனதில்லை. நாம் சங்கை ஊதுவதற்கு என்ன செய்கிறோம்? அந்தக் குமிழை வெட்டி எறிந்து அந்த ஓட்டையில் வாயை வைக்கிறோம். நுனி இருக்கும்வரை சங்கு பேசாது. அதன் முதல் வீட்டைக் களைந்த இடத்தின் வழியாகத்தான் அந்தச் சப்தம் வருகிறது. வலம்புரி என்று நாம் தேடி அலையும் சங்கோ, பிராணி நூல்காரர்களின் கணக்கில் இடம்புரி. அவர்கள் நுனியை மேலே வைத்துப் பார்க்கிறார்கள், வாய் இடது பக்கம் தெரிகிறது. நாம் நுனியைக் கீழே வைத்துப் பார்க்கிறோம், வாய் வலது பக்கம் தெரிகிறது. தொடக்கத்தை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதைப் பொறுத்து வலமும் இடமும் மாறிவிடுகின்றன.

இந்த ஊரில் நடமாடும் காவிகளில் பலரும் நுனியை வெட்டிக்கொண்டவர்கள். பூர்வாசிரமத்தைப் பற்றி ஒரு சாதுவிடம் கேட்கக் கூடாது. ஆனால் சங்குக்கும் சாதுவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சங்கின் நுனியை வெட்டுகிறவன் வேறொருவன். சாது தன் நுனியைத் தானே நீக்கிக்கொள்கிறான். நத்தைகளிலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. மத்தியதரைக் கடற்கரைகளில் உள்ள ஒரு நில நத்தை, வளர்ந்த பிறகு உடலை மேல் சுற்றுகளிலிருந்து இறக்கிக்கொண்டு, நடுவில் ஒரு சுவர் எழுப்பி, பழைய நுனியை உதிர்த்துவிடுகிறது. இதே உரிமையை, ஜாதிப் பெயர் தெரியாத ஊருக்கு வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, தெருப் பெயரைச் சொல்ல மறுக்கிற ஒருவனுக்கு நாம் கொடுப்போமா? சந்நியாசி மறைத்தால் வைராக்கியம், இவன் மறைத்தால் மோசடி என்கிறோம். இரண்டிலும் செயல் ஒன்றுதான். தன் தொடக்கத்தைச் சுமப்பதோ உதிர்ப்பதோ சுமக்கிறவனுடைய தீர்மானம். மற்றவர்கள் கையில் கத்தி இருக்கக் கூடாது, பூதக்கண்ணாடியும் இருக்கக் கூடாது.

உதிர்த்தவர்கள்கூட முழுக்க உதிர்த்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. 1896ல் பதினாறு வயதில் மதுரையை விட்டு இங்கே வந்த வேங்கடராமன், வீட்டில் விட்டுவந்த கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். ரமணரின் வாழ்க்கையில் அதைவிடத் தெளிவான கோடு இல்லை. ஆனால் அவருடைய தாயார் 1916ல் மலைக்கு வந்து மகனோடு தங்கிவிட்டார். 1922ல் அவர் இறந்தபோது, மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். மகன் குகையிலிருந்து இறங்கி அங்கே வந்து தங்கினார். இன்று நாம் பார்க்கும் ஆசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி எழுந்தது. நான் யார் என்று கேட்டுப் பெயரையும் ஊரையும் கழித்துக்கொண்டே போன ஒருவரின் ஆசிரமத்துக்கு, அவரைப் பெற்றவள் அஸ்திவாரமாக இருக்கிறாள். இதில் முரண்பாடு எதையும் நான் காணவில்லை. அவர் தாயைத் தம் விளக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. தாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்.

மூலம் ஆராயலாம். ஸ்டோலிச்காவும் கார்ஸ்டாங்கும் ஆராயாமலிருந்தால் இதில் எதுவும் நமக்குத் தெரிந்திருக்காது. தடுக்கப்பட வேண்டியது ஆராய்ச்சி அல்ல, ஆராய்ந்தவன் கையோடு எடுத்துக்கொள்ளும் தீர்ப்பு. ஒரு கவிதை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகும் கவிதையைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒருவன் எந்தத் தெருவில் பிறந்தான் என்று தெரிந்த பிறகும் அவன் யார் என்பது நமக்குத் தெரியாது. அடியைத் தேடிப் போன பன்றியிடம் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. அது தோண்டியது, காணவில்லை என்று சொன்னது. தாழம்பூவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மூலத்தைப் பார்த்துவிட்டேன், இனி உன் விலை எனக்குத் தெரியும் என்று சொல்கிறவர்கள்தான் நம்மிடையே அதிகம்.